புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா?

காங்கேசன்துறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு அங்கே சிறு கடை. பத்தாந் தரத்தில் படிக்கும் மகன் வீட்டு முன்னறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் நீர் நிரப்பி, கடல் மீன் வளர்க்கிறான். இரண்டு கோமாளி மீன், ஒரு வண்ணத்துப்பூச்சி மீன், வாலடியில் கத்தி வைத்திருக்கும் நீல மீன் ஒன்று. சென்ற மாதம் நீல மீனின் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. மீன் வாங்கிய கடையில் கேட்டபோது ஒரு சின்னப் போத்தலில் நீல மருந்து கொடுத்து, தொட்டியில் பத்துச் சொட்டு விடச் சொன்னார்களாம். நாலாம் நாள் புள்ளிகள் முற்றாக மறைந்தன. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நாள் கழித்து எல்லா மீனிலும் புள்ளி! வண்ணத்துப்பூச்சி மீன் இறந்துவிட்டது. நீல மீன் மூச்சு வாங்குகிறது. “பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. புள்ளி போன மீன் ஏன் சாக வேண்டும்? மிச்சத்தையாவது காப்பாற்ற வழி உண்டா?” என்று கேட்கிறார்.

மீன் என்றால் குழம்புக்கும் பொரியலுக்கும் என்று நினைக்கும் வாசகர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். அடைத்து வைத்த உயிருக்கு அடைத்து வைத்தவரே பொறுப்பு என்பதை, பூனையைக் கட்டி வைத்த பெண்ணின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலில் நீந்தித் திரிந்ததைக் கண்ணாடிக்குள் போட்டுவிட்டோம். உணவு கொடுப்பது எப்படிக் கடமையோ, நோய் வந்தால் பார்ப்பதும் அப்படித்தான். ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதும் அந்தத் தம்பிக்கே.

முதலில் கேள்விக்கு நேரான பதில். புள்ளி மறைந்தது மருந்தினால் அல்ல. ஒரு சொட்டு மருந்தும் விடாமல் இருந்திருந்தாலும் அதே நாலாம் நாளையொட்டி அவை மறைந்திருக்கும். மீனின் மேல் இருந்த ஒட்டுண்ணி வயிறு நிறைந்து இறங்கிப் போயிற்று, அவ்வளவுதான். போனது எங்கே என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

இந்த ஒட்டுண்ணியின் பெயர் கிரிப்டோகாரியன். ஒரே உயிரணுவாலானது. உடம்பெங்கும் மெல்லிய மயிர் போன்ற இழைகளை வைத்துக்கொண்டு சுழன்று திரியும். ஜப்பானில் 1937இலேயே கடல் மீன்களின் வெண்புள்ளி நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிரவுன் என்ற ஆய்வாளர் 1951இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். குளத்து மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் உண்டு. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் உறவு தூரம். அதற்கான மருந்தும் முறையும் இதற்குப் பொருந்தா. தண்ணீரைச் சூடாக்குவது, உப்புப் போடுவது, நீல மருந்து விடுவது எல்லாம் நன்னீர்த் தொட்டிக்காரரின் கைவைத்தியங்கள். கடல் மீனுக்கு உப்புப் போட்டு என்ன ஆகப் போகிறது?

நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் மீனின் மேல்தோலுக்கு உள்ளே புகுந்துகொண்டு, அதன் திசுவைத் தின்று பருக்கும் ஓர் ஒட்டுண்ணி. மூன்று முதல் ஏழு நாள் வரை அங்கே இருக்கும். பிறகு இருட்டு நேரத்தில், பெரும்பாலும் விடியற்காலைக்கு முன்பாக, தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து தொட்டியின் அடியில் விழும். மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, 200 வரையிலும், சில வேளை அதற்கு மேலும் குஞ்சுகளாகப் பிரியும். இதற்கு எடுக்கும் காலம் குறைந்தது மூன்று நாள். சில முட்டைகள் நாலு வாரம் வரை கிடக்கும். வெடித்து வெளிவரும் குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும். அவற்றின் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு மீனைத் துளைக்கும் வலுவும் குறைந்துவிடும். அதற்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப் போகும்.

இப்போது காங்கேசன்துறைக் கடலை நினைத்துப் பாருங்கள். ஓரா மீனின் மேலிருந்து ஓர் ஒட்டுண்ணி உதிர்கிறது. அது அடியில் ஒட்டி, குஞ்சு பொரிக்கும் நேரத்தில் அந்த ஓரா எங்கே, இது எங்கே! நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். 200 குஞ்சில் ஒன்றோ இரண்டோ ஒரு மீனைக் கண்டுபிடித்தால் பெரிய காரியம். அதனால்தான் கடலில் இந்த நோய் இருந்தும் மீன் இனம் அழிந்து போகவில்லை. மூன்றடித் தொட்டியிலோ 150 லீற்றர் தண்ணீர், நாலு மீன், ஓடி ஒளிய இடமில்லை. முதல் சுற்றில் பத்துப் புள்ளி, அடுத்த சுற்றில் நூற்றுக்கணக்கில். தம்பியின் தொட்டியில் பத்து நாள் கழித்து நடந்தது இந்த இரண்டாம் சுற்றுத்தான்.

முற்றத்துச் சிரட்டையில் தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பி நெளிகிறது. கையில் நுளம்பு கடித்த தடிப்பு மாறிவிட்டது என்பதற்காக டெங்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? தொட்டியின் அடிமணல்தான் அந்தச் சிரட்டை.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். மீனின் தோலுக்குள் இருக்கும்போது ஒட்டுண்ணியை நாம் தண்ணீரில் விடும் மருந்து எட்டாது. ஓட்டுக்குள் இருக்கும்போதும் எட்டாது. நீந்தித் திரியும் அந்த ஒரு நாளில் மட்டுமே அதைக் கொல்ல முடியும். ஆகவே எந்த மருந்தானாலும் நாலு நாளில் நிறுத்துகிற மருந்து மருந்தே அல்ல. கடைசி முட்டையும் வெடித்து, கடைசிக் குஞ்சும் வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இனி, தம்பியின் மீனுக்கு வந்திருப்பது இதுதானா என்று பார்க்க வேண்டும். கடிதத்தைப் படித்து நோய் சொல்வது கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்ப்பது போன்றது. புள்ளிகள் வந்து மறைந்து, பல மடங்காகத் திரும்பிய கதை கிரிப்டோகாரியனுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் நீல மீன் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மீன் வாங்கப் போனால் பூவைத் தூக்கிப் பார்க்கிறோமே, சிலர் செவுள் என்பார்கள், அதுதான் மீனின் நுரையீரல். ஒட்டுண்ணி முதலில் பிடிக்கும் இடமும் அதுவே. தோலில் ஒரு புள்ளியும் தெரியாமலே பூ நிறைய நோய் இருக்கலாம். ஆகவே புள்ளியை எண்ணுவதற்கு முன் மூச்சை எண்ணுங்கள். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் பூ மூடி எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று பாருங்கள். மீன் நலமாக இருக்கும் நாளில் எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், நோய் நாளில் அந்த எண்ணே வைத்தியராக நின்று பேசும். தம்பிக்கு இது நல்ல பழக்கம்.

இரவு விளக்கை அணைத்து, அரை மணி நேரம் கழித்து, பக்கவாட்டிலிருந்து டோர்ச் வெளிச்சத்தை மீனின் மேல் படும்படி பிடித்துப் பாருங்கள். எண்ணக்கூடிய, தடித்த, உப்புக்கல் போன்ற வெள்ளைப் புள்ளிகளானால் கிரிப்டோகாரியன். அப்படியில்லாமல், மாத்தூள் தூவியதுபோல் எண்ணவே முடியாத நுண்ணிய பொடி, மங்கிய பொன்னிறத்தில் மினுங்கினால் அது வேறு நோய். அமிலூடினியம் என்று பெயர். வெல்வெட் துணியைப் போர்த்தியதுபோல் தெரிவதால் மீன் வளர்ப்போர் வெல்வெட் நோய் என்பார்கள். கடலைச் சிவக்க வைக்கும் நுண்ணுயிர்களின் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் உயிரி இது; வேர் போன்ற இழைகளால் மீனின் பூவைப் பற்றிக்கொள்ளும். ஒன்று 256 வரை பிரியும். நம்மூர் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முழுச் சுற்றையும் முடித்துவிடும். வெல்வெட் பிடித்த மீன் வெளிச்சத்துக்கு ஒளியும், தண்ணீர் வேகமாக விழும் இடத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும், உணவைத் தொடாது. வெண்புள்ளி நோய் அவகாசம் தரும். வெல்வெட் தராது, இரண்டு மூன்று நாளில் தொட்டியையே துடைத்துவிடும். ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த வைத்தியத்தில் பாதி.

கோமாளி மீன்களில் மட்டும், தோலிலிருந்து வெள்ளைச் சளி படலம் படலமாக உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா. அதற்கும் அவகாசம் ஒன்றிரண்டு நாள்தான். விலாவில் சிவந்த புண் தோன்றி, நாளுக்கு நாள் ஆழமானால் யூரோனீமா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். கண் மங்கி, செட்டை கிழிந்து, மீன் ஓயாமல் கல்லில் உரசினால் தட்டைப் புழுக்களாக இருக்கக்கூடும். செட்டை ஓரத்தில் கோவாப்பூப் போலக் கட்டியாக ஒன்று வளர்ந்து, வாரக்கணக்கில் அசையாமல் இருந்தால் அது ஒட்டுண்ணியே அல்ல, ஒருவகை வைரஸ். அதற்கு மருந்து விடாமல் நல்ல தண்ணீரும் உணவும் கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே உதிரும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே நோய் என்று எண்ணி ஒரே போத்தலைத் திறப்பதுதான் பல தொட்டிகள் அழியக் காரணம்.

சந்தேகம் தீரவில்லையானால் இறந்த மீனை எறிந்துவிடாதீர்கள். இறந்து சற்று நேரத்துக்குள் பூவில் ஒரு சிறு இழையை வெட்டி, ஒரு சொட்டுக் கடல் நீரோடு கண்ணாடித் துண்டில் வைத்து, பாடசாலை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் நூறு மடங்குப் பெருக்கத்தில் பார்த்தால் போதும். கருமையான உருண்டை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தால் கிரிப்டோகாரியன். பேரிக்காய் வடிவில், பழுப்பாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வெல்வெட். விஞ்ஞான ஆசிரியர் ஒருவரைக் கேட்டால் மனமுவந்து காட்டுவார். நேரம் தாழ்த்தினால் ஒட்டுண்ணிகள் இறந்த மீனை விட்டுப் போய்விடும். பிறகு பார்த்து ஒன்றும் தெரியாது.

வெண்புள்ளி நோய்தான் என்று உறுதியானால், காங்கேசன்துறையில் இருப்பவருக்கு மருந்தே இல்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவர் இதைச் செய்யக் கஷ்டப்படுவார். கடல் நீருக்குக் காசு கொடுக்க வேண்டும். உங்களுக்கோ வாசலில் கடல். செங்கடல் கரையில் எயிலாத் என்னும் இடத்தில் கொலோர்னி என்ற ஆய்வாளர் 1980களில் இந்த ஒட்டுண்ணியின் நாட்கணக்கை ஆராய்ந்து எழுதியதிலிருந்து பிறந்த முறை இது. கணக்கு மிக எளிது. மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி குஞ்சு பொரிக்கக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாள் முடியுமுன் மீனை வேறு வாளிக்கு மாற்றிவிட்டால், உதிர்ந்தவை பழைய வாளியில் அநாதையாகக் கிடக்கும். மீனில் மிச்சமிருப்பவை புது வாளியில் உதிரும். மறுபடி மூன்று நாளில் மாற்றுங்கள். நாலு தடவை மாற்றினால், பன்னிரண்டு நாளில் மீனின் மேல் ஒன்றும் மிஞ்சாது.

செய்யும் விதம்: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளிகள் அல்லது தொட்டிகள் இரண்டு தொகுதி. ஒரு மீனுக்கு 20 லீற்றராவது வேண்டும். காற்றுக் குழாய், காற்றுக் கல் எல்லாம் இரண்டு இரண்டாக வேண்டும். ஒரு தொகுதியின் சாமான் ஈரத்தோடு மறு தொகுதிக்குப் போகக்கூடாது. மீன் ஒளிந்துகொள்ளக் குழாய்க் கடையில் மிஞ்சும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். மணல், பவளக்கல் எதுவும் வேண்டாம். மாற்றும்போது மீனை வலையில் எடுத்து, தண்ணீர் சொட்ட விட்டு, புது வாளியில் விடுங்கள். பழைய தண்ணீரை ஊற்ற வேண்டாம். மூன்று நாள் என்றால் 72 மணி நேரம். ‘இன்று வேலை, நாளை பார்ப்போம்’ என்றால் முழுப் பாடும் வீண். பழைய வாளியைக் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் கரைத்த தண்ணீரால் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் எலும்பு காயக் காய வையுங்கள். அந்த ஒட்டுண்ணிக்கு ஈரம் இல்லாவிட்டால் வாழ்வில்லை. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு வேறு மருந்து எதற்கு!

கடல் நீரைத் துறைமுகப் பக்கம் அள்ள வேண்டாம், எண்ணெய் மிதக்கும். சற்றுத் தள்ளி, தெளிந்த இடத்தில் எடுத்து, தடித்த துணியில் வடித்து, மூடி, காற்று விட்டு ஒரு வாரம் வைத்தால் அதிலுள்ள நீந்தும் குஞ்சுகள் மீன் கிடைக்காமல் இறந்துவிடும். அதற்காகவே வைத்தியம் தொடங்குமுன் தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீர் கலங்கி, உப்பும் குறைந்திருக்கும். உப்பு மானி வைத்துப் பாராமல் அந்த மாதங்களில் அள்ளக் கூடாது. இந்தச் சிறு வாளிகளில் மீனின் கழிவு விரைவில் நஞ்சாகும் என்பதால் உணவு குறைவாக, தின்று முடிக்கும் அளவுக்கே போடுங்கள்.

இந்த முறை வெல்வெட்டுக்கு நம்பத்தக்கதல்ல. அதற்குச் செம்பு வேண்டும். விவசாயிகள் திராட்சைக்கு அடிக்கும் போர்தோ கலவையில் துருசு சேர்ப்பார்களே, அந்தத் துருசுதான். ஆனால் தோட்டத்துத் துருசைக் கிள்ளிப் போடும் வேலை அல்ல இது. ஒரு லீற்றர் தண்ணீரில் 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒட்டுண்ணி சாகாது; சற்று மேலே போனால் மீன் சாகும். ஆய்வுகூடத் தரமுள்ள துருசு ஒரு கிராமை ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அதன் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஏறத்தாழ கால் மில்லிகிராம் செம்பு இருக்கும். 40 லீற்றர் தொட்டிக்கு அதில் 24 மில்லிலீற்றர் விட்டால் கீழ் அளவு, 31 விட்டால் மேல் அளவு. ஒரேயடியாக விடாமல் இரண்டு நாளில் ஏற்றி, செம்பு அளக்கும் சோதனைப் பெட்டியால் காலையும் மாலையும் பார்த்து, அந்த அளவை 30 நாள் காக்க வேண்டும். சோதனைப் பெட்டி இல்லாதவர் செம்பைத் தொடவே வேண்டாம். விற்பனைக்கு வரும் பிணைத்த செம்பு மருந்துகளின் அளவு வேறு. இந்தக் கணக்கை அவற்றுக்குப் போடக்கூடாது. போத்தலில் எழுதியிருப்பதே கணக்கு.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. செம்பைச் சுண்ணாம்புக்கல் இழுத்துக்கொள்ளும். பவளக்கல்லும் சிப்பி மணலும் சுண்ணாம்புதானே? காங்கேசன்துறையில் காலின் கீழே இருப்பதெல்லாம் அதுதான். 1990இல் போரோடு நின்றுபோன சீமெந்து ஆலை அங்கே எழுந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். தொட்டியில் அழகுக்காகக் கரையிலிருந்து பொறுக்கிப் போட்ட கல் இருக்கும் வரை, இன்று விட்ட செம்பு நாளை இருக்காது. மேலும் விட்டால் ஒரு நாள் கல் அதைத் திருப்பி விட்டு மீனைக் கொல்லும். தொட்டியில் இறால், நத்தை, பவளம் எது இருந்தாலும் மிகச் சிறிய செம்பே அவற்றைக் கொன்றுவிடும். ஆகவே மருந்து எப்போதும் வெறும் வாளியில். அழகுத் தொட்டியில் ஒருபோதும் இல்லை. போத்தலில் ‘பவளத்துக்குத் தீங்கற்றது’ என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் ஒட்டுண்ணிக்கும் தீங்கற்றதே.

மூச்சு வாங்கும் மீனுக்கு உடனடி ஆறுதல் நன்னீர் முழுக்கு. உப்பில்லாத நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்து எடுப்பது. பூவில் ஒட்டிய வெல்வெட்டில் ஒரு பகுதி உதிரும். தட்டைப் புழுக்கள் வெளிறிப் போய் எள்ளு மாதிரி அடியில் விழுவதைக் கண்ணாலேயே காணலாம். நோயைக் கண்டறியவும் இது உதவும். தோலுக்குள் புதைந்த வெண்புள்ளியை இது எட்டாது. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் நம் கிணற்று நீர் இதற்கு நல்ல வாய்ப்பு. மென்மையான மழைநீரின் புளிப்பு அதில் இல்லை, கடல் நீரின் காரத்தன்மைக்கு அருகில் நிற்கும். கீரிமலைக் கேணியில் நல்ல தண்ணீர், மதிலுக்கு அப்பால் கடல் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பில்லை. சூட்டைத் தொட்டி நீரோடு ஒப்பிட்டு, காற்றை நன்றாக விட்டு, மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம்.

உப்பைக் குறைத்து வைக்கும் முறையும் ஒன்று உண்டு. ஆயிரத்துக்கு 35 பங்காக இருக்கும் உப்பை இரண்டு நாளில் 15க்குக் கீழ் இறக்கி, ஒரு மாதம் வைப்பது. முன்பு இதைப் பலரும் புகழ்ந்தார்கள். ஆனால் உப்புக் குறைந்த நீரிலும் தழைக்கும் கிரிப்டோகாரியன் வகைகளைத் தாய்வானில் கண்டு 2003இல் எழுதினார்கள்; வெல்வெட்டை இது அசைக்கவே அசைக்காது. என் எண்ணத்தில் வாளி மாற்றும் முறை இதைவிடச் சிறந்தது.

குளோரோகுயின் என்ற பெயர் நம் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிய அந்தக் கசப்பு வில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வில்லையும் வீடுகளிலிருந்து மறைந்தது. அதே மருந்து லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் வெல்வெட்டுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது தூய மருந்துத் தூளாக இருக்க வேண்டும். மனிதருக்கான வில்லையை இடித்துப் போடுவது கூடாது. இதில் ஓர் எச்சரிக்கை. 2020 மார்ச்சில், கொவிட் பயத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு தம்பதியர் மீன் தொட்டிக்கு வைத்திருந்த குளோரோகுயினை விழுங்கினார்கள். கணவர் இறந்தார். மீன் மருந்துகளை அடுக்களையிலோ மாத்திரைப் பெட்டியிலோ வைக்காதீர்கள். பூட்டுப் போட்ட இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

புரூக்லினெல்லாவுக்குச் செம்பு பலிக்காது, ஃபோர்மலின்தான். 37 விழுக்காட்டு ஃபோர்மலின் ஒரு மில்லிலீற்றரை நாலு லீற்றர் கடல் நீரில் கலந்து, காற்று விட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் மீனை அதில் வைப்பது வழக்கம். ஆனால் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பொருள் என்று அறியப்பட்டது அது. வீட்டுக்குள்ளே திறக்கக் கூடாது. போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. பத்தாந் தரப் பிள்ளையிடம் இதைக் கொடுக்கவே வேண்டாம். பெரியவர் ஒருவர் முற்றத்தில், கையுறை போட்டுச் செய்ய வேண்டும். தட்டைப் புழுக்களுக்கு மனிதரின் நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவாண்டெல், லீற்றருக்கு 2 மில்லிகிராம் போதும். அது புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்தபின், சுமார் ஒரு வாரம் கழித்து, இரண்டாம் முறையும் விட வேண்டும்.

வெள்ளைப்பூண்டைச் சாறு பிழிந்து உணவில் கலந்தால் நோய் போகும் என்று பலர் சொல்வார்கள். பசி மந்தமான மீன் வாய் வைக்க அது உதவலாம்; ஒட்டுண்ணி போகும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. சுத்தக்கார மீனை வாங்கி விட்டால் புள்ளியைக் கொத்தித் தின்னும் என்பதும் அப்படியே. தோலுக்குள் இருப்பதை அது எப்படிக் கொத்தும்? பாவம், அதற்கும் நோய் பிடிக்கும்.

மீன்களை வாளிக்கு மாற்றிய பின் பெரிய தொட்டியை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம்! மீன் இல்லாமல், விளக்கும் காற்றும் ஓட விட்டு, ஆறு வாரமாவது விடுங்கள். மிக நிச்சயம் வேண்டுவோர் 76 நாள் விடுகிறார்கள். குஞ்சுகள் பொரிக்கும், மீனைத் தேடும், கிடைக்காமல் அழியும். இந்த ஆறு வாரத்தில் ‘வெறுமையாக இருக்கிறதே’ என்று ஒரு சின்ன மீனை வாங்கிப் போட்டால் கணக்கு மறுபடி முதலாம் நாளிலிருந்து தொடங்கும்.

மின்வெட்டையும் நினைவில் வையுங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. பூ பாதித்த மீன் காற்றில்லாமல் அரை மணி நேரமும் தாங்காது. மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்று, எந்த மருந்துக்கும் முன்பாக, வீட்டில் இருக்க வேண்டும்.

இனி வாங்கும் மீனைப் பற்றி. நீல மீனுக்கு முதலில் நோய் தெரிந்தது தற்செயல் அல்ல. அந்தக் கத்திவால் மீன்களின் தோலில் சளிப் போர்வை மெல்லியது. வெண்புள்ளிக்கு அவை விருந்து. அனுபவமுள்ளவர்களே தயங்கி வாங்கும் மீன் அது. பவளப்பாறைக்கு மேல் மொக்சி வலை விரித்து மீன் பிடிப்பது 1996 ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குவிதிகளால் இலங்கையில் தடை செய்யப்பட்டது. அப்படிப் பிடித்த மீன் அடிபட்டு, பட்டினி கிடந்து, பல கை மாறி வரும். நோயை எதிர்க்கும் வலு அதில் மிச்சமிராது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும்; அக்கரையில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. அதே நிலையம்தான் 2010இல் கடல் விராலை இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது. இத்தகைய பொரிப்பகங்களில், கடலிலிருந்து கொண்டுவரும் தாய் மீனைத் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார்கள். இலட்சக்கணக்கில் குஞ்சு வளர்ப்பவர்களே அப்படி என்றால், முன்னறைத் தொட்டிக்கும் அந்த விதி உண்டு. புது மீன் எதுவானாலும் ஒரு மாதம் தனி வாளியில். அந்த மாதத்திலேயே வாளி மாற்றும் முறையையும் செய்துவிடலாம். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கியது. அதில் வருபவர்கள் யாராவது பையில் மீன் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதியில்லாமல் உயிர்மீன் கொண்டுவருவது சட்டத்துக்குப் புறம்பானது.

வைத்தியம் முடிந்து மிஞ்சும் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். வடலி வளரும் சுண்ணாம்பு மண்ணில் ஊற்றியது நேரே நிலத்தடி நீருக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பானதை எல்லோரும் அறிவர். வாளியிலுள்ள செம்பின் அளவு குடிநீருக்கு அனுமதித்ததைவிடக் குறைவுதான். பயப்பட வேண்டியது உப்புக்கு. 40 லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 1.4 கிலோ உப்பு இருக்கிறது. கடலில் திருப்பி ஊற்றவும் வேண்டாம், கொழும்புக் கடைகளில் வெளிநாட்டு மீன்களோடு இருந்து வந்த ஒட்டுண்ணி நம் பாறைகளுக்குப் போகக்கூடாது. குளோரின் தூள் போட்டு ஒரு நாள் வைத்து, கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் எட்டாத தரிசு நிலத்தில் ஊற்றுங்கள். மிஞ்சிய துருசுக் கரைசலை ஊற்ற வேண்டாம். மூடி, நஞ்சு என்று எழுதி வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். செத்த மீனை மண்ணில் ஆழப் புதையுங்கள், பூனைக்குப் போட வேண்டாம்.